பல் சிகிச்சையில் செடேஷன்: நாற்காலியில் சாய்வதற்கு முன்னால்

[காட்சி: பல் மருத்துவரின் நாற்காலி. கைப்பிடியை இறுகப் பற்றிய ஒரு கை.]

குரல்: இந்தக் கையைப் பாருங்கள். விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது. இன்னும் ஊசிகூடப் போடவில்லை. டிரில் சத்தத்துக்குப் பயந்தே சொத்தைப் பல்லோடு வருடக்கணக்கில் இருப்பவர்களுக்குச் செடேஷன், அதாவது மனதை அமைதிப்படுத்தும் மருந்து, பெரிய உதவி.

ஆனால் அது வலியைப் போக்கும் மருந்து இல்லை. வலியை நிறுத்துவது ஈறில் போடும் மரத்துப்போகிற ஊசிதான். அது எப்படியும் உண்டு. செடேஷன் பதற்றத்தைத் தணிக்கும். பெரும்பாலும் முழு மயக்கமும் வராது. “வாயைத் திறங்க” என்றால் திறப்பீர்கள்.

[காட்சி: மூக்கில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க்.]

லேசான வகை, சிரிப்பு வாயு. 1844இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இதைச் சுவாசித்துக்கொண்டு தன் கடவாய்ப் பல்லையே பிடுங்க வைத்தார். இன்று ஆக்சிஜனோடு கலந்து தருகிறார்கள். சிகிச்சை முடிந்து சில நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும்.

ரத்தக்குழாயில் ஏற்றும் மிடாசோலம் என்ற மருந்து இன்னும் ஆழமானது. நடந்தது பலருக்கு நினைவிலேயே இருக்காது. இதற்குத்தான் வெறும் வயிறு வேண்டும்: பொதுவாக லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம். “ஒரு வாய் காபிதானே” என்று மறைக்காதீர்கள். பால் சேர்ந்தால் காபியும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். அரைமயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடலாம்.

குறட்டை, தூக்க மாத்திரை, மது, கர்ப்பம், எதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். குறட்டையைக் கேட்பானேன் என்று தோன்றும். தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவருக்கு இந்த மருந்தில் ஆபத்து கூடுதல்.

[காட்சி: விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர். பீப் ஒலி.]

அப்புறம், நீங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி: “டாக்டர், என் மூச்சை யார் பார்த்துக்கொள்வார்கள்?” பல்லைப் பிடுங்குகிறவரின் கண் வாய்க்குள் இருக்கும். மருந்து ரத்தக்குழாயில் ஏறும்போது மூச்சையும் ஆக்சிமீட்டரையும் கவனிக்கவே பயிற்சி பெற்ற இன்னொருவர் வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

[காட்சி: காரின் பின்சீட்டில் தூங்கும் குழந்தை.]

மிடாசோலம் போட்டபின் 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, ஸ்கூட்டியும்தான். குழந்தை என்றால் கூட இரண்டு பெரியவர்கள் வாருங்கள். ஒருவர் ஓட்டட்டும், மற்றவர் குழந்தையின் பக்கத்தில் உட்காரட்டும். தூக்கத்தில் தலை முன்னால் தொங்கினால் மூச்சு அடைபடும். தாடையைத் தொட்டு மெல்ல நிமிர்த்திவிட அந்தக் கை வேண்டும்.