“வீட்டில் விழுந்தேன்” என்று சொல்லாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரையைக் கேட்கிற டர்பன் வீடுகளில், ஜேக்கப்ஸ், மோபெனி பக்கத்துத் தொழிற்சாலைகளில் உழைத்த ஒருவராவது இல்லாத வீடு அரிது. நான் பல வருடங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவன். வேலையிடத்தில் அடிபட்டவருக்கு நம் தென்னாப்பிரிக்கச் சட்டம் என்ன தருகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள்.

ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: அடிபட்ட அன்றே அது வேலையிடத்தில் நடந்தது என்று எழுத்தில் பதிய வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் கிடங்கில் வேலை பார்த்தார். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது. கால் வழுக்கி, மரப்பலகை அடுக்கின் மீது முழங்கால் மோதிவிட்டது. மேற்பார்வையாளர் ஓடிவந்து, ஆம்புலன்ஸ் எதற்கு என்று தன் காரிலேயே டாக்டரிடம் கூட்டிப்போனார். நல்ல மனிதர் என்று அண்ணன் நினைத்தார். டாக்டர் அறையில் “எங்கே அடிபட்டது?” என்று டாக்டர் கேட்டதும், அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே, “வீட்டுப் படிக்கட்டில்” என்று மேற்பார்வையாளர் பதில் சொல்லிவிட்டார். அதுவே அட்டையில் ஏறியது. “இரண்டு வாரம் நோய் விடுப்பு எடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார்கள்.

அந்த நோய் விடுப்பு யாருடையது? வாரம் ஐந்து நாள் உழைப்பவருக்கு மூன்று வருடங்களுக்குச் சேர்த்து 30 நாள்தான். இழப்பீடு கிடைக்கக்கூடிய வேலையிடக் காயத்தை அந்தக் கணக்கில் கழிக்கவே கூடாது. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களில் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள் என்று நம் பாட்டன்மார் கதை உண்டல்லவா? அந்தக் குணம் இன்னும் சில இடங்களில் சாகவில்லை.

நான்கு மாதம் கழித்து முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்றார்கள். இப்போது வேலையிடத்தில் நடந்தது என்று எப்படிக் காட்டுவது? முதலுதவிப் பெட்டியின் புத்தகம்தான் கைகொடுத்தது. பெட்டியைக் கவனித்த பெண் அண்ணனின் பெயர், தேதி, நேரம், கொடுத்த கட்டுத்துணி எல்லாவற்றையும் ஒரு வரியில் எழுதிவைத்திருந்தார். கூட வேலை செய்த ஒருவர் சாட்சி எழுதிக் கொடுத்தார். நீண்ட இழுபறிக்குப் பிறகு கோரிக்கை ஏற்கப்பட்டது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

ஆகவே டாக்டரிடம் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். அவர் முதல் மருத்துவ அறிக்கையில் எழுதுவதுதான் பிறகு பேசும். முதலாளி விபத்தைத் தெரிந்துகொண்ட ஏழு நாளுக்குள் இழப்பீட்டு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாரா என்று கேளுங்கள், கோரிக்கை எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால் நீங்களே போய்ப் பதியலாம். அவர் இழப்பீட்டு நிதியில், அதாவது முதலாளிகள் சந்தா கட்டி இழப்பீடு தரும் நிதியில், பதிவு செய்யாதவர் என்றாலும் உங்கள் உரிமை போகாது. அந்தச் சந்தாவும் அவர் கட்டுவதுதான், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

“என் கவனக்குறைவால்தானே விழுந்தேன்” என்று பலர் தயங்குகிறார்கள். 1993ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் தவறு யாருடையது என்பது பொதுவாகக் கேள்வியே இல்லை. அதற்குப் பதிலாக, முதலாளி மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. முதலாளியே ஓட்டுநர் வைத்து இலவசமாக ஏற்றிச் செல்லும் பக்கியில், அதாவது பின்பக்கம் திறந்த சிறு வண்டியில், வேலைக்கு வரும்போது அடிபட்டாலும் அது வேலையிட விபத்துதான்.

பணக் கணக்கு இப்படி. மூன்று நாளோ அதற்குக் குறைவாகவோ வேலைக்குப் போக முடியாதிருந்தால் இழப்பீடு இல்லை. அதற்கு மேல் என்றால், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுச் சம்பளத்தில் 75 சதவீதம். முதல் மூன்று மாதம் முதலாளி கொடுத்துவிட்டு நிதியிடம் திரும்பப் பெறுவார். நிரந்தர ஊனம் 30 சதவீதம் வரை என்றால் மொத்தத் தொகை, அதைத் தாண்டினால் மாத ஓய்வூதியம்.

தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வீட்டு வேலை செய்பவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: எஜமானர் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்த ஒரு பெண்ணின் வழக்கில், 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் இவர்களை இந்த இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து விலக்கியது செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு 1994 ஏப்ரல் 27 வரை பின்னோக்கிப் போகும். பழைய விபத்து என்று விட்டுவிடாமல் கேட்டுப் பாருங்கள்.

ஆணையரின் முடிவு சரியில்லை என்றால் 180 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். கடிதம் கைக்கு வந்த அன்றே நாட்காட்டியில் குறியுங்கள். படிவங்களுக்குக் காசு கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். வணக்கம்.