ரோத்தேயில் பாளை சீவ ஆள் இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். தாமதமாக வந்து பின்னால் உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவின் தென்கோடியில் இருக்கிற ரோத்தே தீவு, அதில் ஒரு சின்னக் கிராமம், அங்கே பிறந்த பிள்ளைக்கு வாழ்வு ஊரிலா, கடல் தாண்டியா? நான் ஊரில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். மழை வருஷத்தில் நாலு மாதம், மீதியெல்லாம் வறட்சி என்றார். பெரிய வைத்தியம் என்றால் குப்பாங் நகரத்துக்குக் கடல் தாண்டிப் போகவேண்டும், நடுவில் இருக்கிற நீரிணை கொந்தளித்தால் கப்பலும் கிடையாது என்றார். எல்லாம் உண்மை, ஒன்றைக்கூட மறுக்கப் போவதில்லை. ஆனால் கடைசியில் ஒரு வார்த்தை விட்டார் பாருங்கள், "அங்கே என்னய்யா இருக்கிறது, வெறும் பனைமரம்!" தமிழ் மேடையில் நின்றுகொண்டு வெறும் பனைமரமா?

அது நம் ஊர்ப் பனையேதான் ஐயா, அங்கே லொந்தார் என்கிறார்கள். மழை நின்று மண் வெடிக்கிற மாதங்களில்தான் அந்த மரம் சுரக்கிறது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறிப் பாளை சீவி, ஓலையில் முடைந்த பட்டையில் பதநீர் இறக்குகிறார்கள், கொஞ்சம் அப்படியே குடிப்பது, மீதியைக் காய்ச்சிப் பாகாக்கிப் பானையில் சேர்த்து வைப்பது, அந்தப் பாகைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் அதுவே ஒருவேளைச் சாப்பாடு, மிஞ்சின பதநீர் பன்றிக்கு. ஓலை கூரைக்கும் தொப்பிக்கும் ஆகும். சாசாண்டோ என்று அவர்களுக்கு ஒரு வாத்தியம் உண்டு, மூங்கில் குழாயைச் சுற்றித் தந்தி கட்டிப் பின்னால் ஓலையைக் குடலையாக விரித்திருப்பார்கள், அந்த நாதமும் பனை கொடுத்ததுதான். அக்கம்பக்கத்துத் தீவுகளில் காட்டை எரித்துச் சோளம் போட்டவர்கள் அடுத்த அறுவடைவரை பசித்துக் கிடந்த மாதங்களில், ரோத்தேக்காரன் மரத்து உச்சியில் இருந்தான். இதைப் போய் ஒன்றுமில்லாத ஊர் என்கிறீர்கள்!

சரி, இரண்டாவதாகப் பேசிய அம்மா இரண்டு பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். ஒருவர் ஹெர்மான் யோஹன்னெஸ், 1912இல் ரோத்தேயில் பிறந்து கட்ஜா மாடா பல்கலைக்கழகத்துக்கே தலைவராகி, தேசிய வீரர் பட்டமும் பெற்றவர். இன்னொருவர் அட்ரியானுஸ் மோய், இந்தோனேசிய மத்திய வங்கியின் ஆளுநராக இருந்தவர். இரண்டு பேருமே பெரியவர்கள், நானும் கைதட்டினேன். ஆனால் அம்மா, படகு ஏறுகிற பையனெல்லாம் அந்த நாற்காலிக்கா போகிறான்? ரோத்தே இருக்கிற கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மலேசியத் தோட்டங்களுக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள், நிறையப் பேருக்கு ஒழுங்கான காகிதம் கிடையாது. ஒரே வருஷத்தில் 100க்கும் மேல் சவப்பெட்டிகள் அந்த மாகாணத்துக்குத் திரும்பி வந்த வருஷங்கள் உண்டு, குப்பாங் விமான நிலையத்தில் கன்னியாஸ்திரீகள் போய் ஜெபம் சொல்லி வாங்குகிறார்கள். அந்தப் பெயர்களையும் யாராவது மேடையில் சொல்லவேண்டும் இல்லையா? அப்புறம் அகதிகளை ஆஸ்திரேலியப் பக்கம் கொண்டுபோகிற படகு வேலை. ஒரே பயணம், கை நிறையக் காசு என்று தரகன் சொன்னதை நம்பி ஏறின ரோத்தே மீனவப் பையன்கள் ஆஸ்திரேலியச் சிறையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தார்கள், தரகன் மாட்டவில்லை. 2015 மே மாதம் அப்படிப் படகில் போய், ஆஸ்திரேலியாவால் திருப்பி அனுப்பப்பட்டு ரோத்தே பக்கம் பாறையில் சிக்கிய 65 பேரில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள், அந்தக் கரையில் நம் மொழியும் ஒருநாள் கேட்டிருக்கும்.

இப்போது என் அணியின் பெரிய சாட்சிக்கு வருகிறேன், நடுவர் மணியில் கை வைக்காமல் இருந்தால் நல்லது. 2009 ஆகஸ்ட் 21. ரோத்தேயிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி, ஆஸ்திரேலியக் கடலில், மோண்டாரா என்ற எண்ணெய்க் கிணறு வெடித்துக் கசிய ஆரம்பித்தது. தாய்லாந்து நிறுவனம் ஒன்றின் ஆஸ்திரேலியக் கிளைக்குச் சொந்தமான கிணறு. 70 நாளுக்கு மேல் அடைக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் ரோத்தே கரையோரம் முழுக்கக் கடற்பாசி, நம் மண்டபம் பக்கம் கட்டுகிற அதே கப்பாபைகஸ், கயிற்றில் கட்டிவிட்டால் ஒன்றரை மாதத்தில் அறுவடை. அந்தக் காசில்தான் பிள்ளைகள் குப்பாங்கில் படித்தார்கள். சில வாரத்தில் பாசி வெளுத்துச் செத்தது. உங்கள் கரைக்கு எண்ணெய் வந்து கெடுதி செய்யவே இல்லை என்றது நிறுவனம்.

ஊர் விடவில்லை. 2016இல் ஒரு பாசி விவசாயி எல்லோர் சார்பிலும் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார், பின்னால் 15,000க்கும் மேற்பட்ட விவசாயிகள். எந்த மாதம் வெளுத்தது, முந்தின வருஷம் எவ்வளவு விற்றது, கடல்மேல் என்ன மிதந்தது என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சாட்சி சொன்னார்கள். 2021 மார்ச்சில் தீர்ப்பு அந்த விவசாயி பக்கம் வந்தது. 2022 நவம்பரில், தன் மேல் தப்பு என்று ஒத்துக்கொள்ளாமலே, 192.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தர நிறுவனம் சம்மதித்தது. வக்கீல் செலவும் வழக்குக்கு முதல் போட்டவர்கள் பங்கும் போகத்தான் ஊருக்கு என்பது எனக்கும் தெரியும், எதிரணி எழுந்து சொல்லவேண்டாம்.

பாசி விலை நிலையில்லை என்றீர்கள். ஆமாம், 2022இல் ஏறின வேகத்திலேயே மறு வருஷம் விழுந்தது. வெயில் கூடினால் கிளை வெளுக்கிற நோயும் வரும். ஆனால் அந்த ஊர்க்காரன் பாசி மட்டும் நம்பினவன் இல்லையே! பாசி விழுந்தால் பனை, பனை ஓய்ந்தால் மழை, மழைக்குச் சோளம், நடுவில் பன்றி, மீன். மலேசியாவில் முதலாளி விரட்டினால் அவனுக்கு அடுத்தது என்ன இருக்கிறது?

இன்னொன்று. மேற்குக் கரையில் நெம்பராலா என்று ஊர், அலைச்சறுக்குக்கு உலகம் பூராவிலுமிருந்து வருகிறார்கள். இந்தோனேசிய நிலச் சட்டப்படி வெளிநாட்டுக்காரர் மனையைச் சொந்தமாக வாங்க முடியாது, அதனால் குத்தகை, இல்லையென்றால் உள்ளூர் ஆளின் பேரில் பத்திரம். கரையை விற்றுவிட்டுப் போனவன் பத்து வருஷம் கழித்துத் திரும்பினால் அதே கரையில் காவலாளி வேலைதான் கேட்கவேண்டும். 2015 முதல் கிராம நிதி என்று மத்திய அரசு ஊருக்கே பணம் அனுப்புகிறது, தண்ணீர்த் தொட்டியா பாதையா என்று ஊர்க் கூட்டம் பேசி முடிவு செய்யலாம். நீங்கள் குறையாகச் சொன்ன தண்ணீருக்கு அங்கேதான் ஐயா வழி. அந்தக் கூட்டத்தில் கிழவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் எப்படி?

மணி அடித்துவிட்டார். அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்: 2009இல் எல்லோரும் உங்கள் பேச்சைக் கேட்டுப் படகேறியிருந்தால், செத்துப்போன பாசிக் கயிறுகளுக்கு யார் கணக்குச் சொல்லியிருப்பார்கள்?