கட்டிப்பால் பணமும் பாட்டன் பெயரில் உள்ள நிலமும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறு தோட்டக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, இரண்டு ஏக்கரிலும் மூன்று ஏக்கரிலும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் குடும்பம் நடத்தும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விலைபோய்க்கொண்டிருந்த காலத்தில், இந்த ஊரில் பிறந்து அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் மாதாமாதம் செலுத்திய பத்து வெள்ளிப் பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கத் தொடங்கினார். அதே காலத்தில் சிறுகச் சிறுகச் சேமித்துத் தனியாகத் துண்டு நிலம் வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நினைத்தே இன்று பேச வந்திருக்கிறேன்.

ரப்பர் விலை சரியும்போது சிறு தோட்டக்காரரைத் தாங்குவதற்காக 2015 முதல் அரசாங்கம் உற்பத்தி ஊக்கத்தொகை வழங்கி வருகிறது. ரப்பர் சிறு தோட்டக்காரருக்கான அரசு வாரியமான ரிஸ்டாவின் அலுவலகத்தில் ஐ.பி.ஜி. என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். இதன் கணக்கு எளியது. பாதிக்குப் பாதி உலர் ரப்பர் உள்ள கட்டிப்பாலுக்கு, அதாவது கிண்ணத்தில் உறைந்த ரப்பர் பாலுக்கு, அரசு ஒரு விலையை வரையறுத்திருக்கிறது. கிலோவுக்கு 2 ரிங்கிட் 70 சென்னாக இருந்த அந்த விலை 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. சந்தை விலை அதற்குக் கீழே போகிற மாதத்தில், குறையும் தொகையை அரசு தருகிறது. விலை 2 ரிங்கிட் 70 சென்னுக்கு இறங்கிய மாதத்தில் ஒருவர் 200 கிலோ விற்றிருந்தால், அவருக்கு 60 ரிங்கிட் வரவேண்டும். அது பெரிய தொகை இல்லை என்பதையும், உரம் விற்கும் விலைக்கு அது போதாது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு மூட்டை அரிசிக்கு உதவும் பணத்தை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

விட்டுக்கொடுத்தவர்களில் என் தாயாரும் ஒருவர். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவி, மங்குகளில் உறைந்த பாலைச் சாக்கில் கட்டி, நாற்றம் பிடித்த அந்தச் சாக்கை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துப் பல ஆண்டுகள் கடைக்குக் கொண்டுபோனார். ரப்பர் விற்பனையைப் பதிவு செய்வதற்கான பாட்-ஜி அனுமதி அட்டை அவரிடம் கிடையாது. ஆகவே வியாபாரி வேறொருவர் அட்டையில் எடையைப் பதிந்துகொண்டு, அம்மாவின் கையில் ரொக்கத்தை மட்டும் கொடுத்தார். எங்கள் மரத்துப் பாலுக்கான ஊக்கத்தொகை யார் கணக்கில் சேர்ந்தது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த வியாபாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ரசீது கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அட்டை எடுக்காததற்கு அறியாமை மட்டுமே காரணமன்று. நிலத்தின் கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், என் பாட்டனார் பெயரில் இருந்தது. அவர் இறந்த பிறகு யாரும் பெயர் மாற்றவில்லை. இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேருடைய நிலம் இன்னும் இறந்தவர் பெயரில் கிடக்கிறது? அண்ணன் தம்பிகளுக்குள் மனக்கசப்பு வருமே என்று தள்ளிப்போட்டு, ஒரு தலைமுறையே கடந்துவிடுகிறது. இதற்கென்றே 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டம் இருக்கிறது. மரணச் சான்றிதழையும் கிராண்டின் நகலையும் வாரிசுகளின் விவரங்களையும் சேர்த்து ஏ பாரம் என்னும் விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால், அதிகாரி வாரிசுகளை அழைத்து விசாரித்து உத்தரவு வழங்குவார். எல்லா வாரிசுகளையும் ஓரிடத்தில் உட்கார வைப்பதே உண்மையான பாடு. அதற்கு அரசாங்கத்திடம் பாரம் கிடையாது, வீட்டுப் பெரியவர்கள்தாம் முன்வர வேண்டும்.

பிறர் நிலத்தில் பங்குக்குப் பால் வெட்டுபவர்கள் தங்களுக்கு இதில் இடமில்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம். பால் வெட்டுபவரும் தம் பெயரில் அட்டை எடுக்க வழியுண்டு. நில உரிமையாளரிடம் பேசிவிட்டு ரிஸ்டாவில் விசாரியுங்கள். மழைக்காலத்தில் வெட்ட முடியாத மாதங்களுக்கான உதவித்தொகை 2023இல் 600 ரிங்கிட்டிலிருந்து 800 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டதையும் அங்கேயே கேட்டறியுங்கள்.

ரப்பர் விற்ற பழைய ரசீதுகளைப் பால்மாவு டின்னில் போட்டு வைத்திருப்பவர்கள் அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஏ பாரத்தின் நகல்கள் வாசலோர மேசையில் உள்ளன. நிரப்பத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், நானும் இருப்பேன்.