அப்பாச்சி அவ்வப்போது செத்து விழுகிறதா? தடயத்தை எங்கே தேடுவது

(திரையில்: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, ஜவுளிக் கடைகளின் வரிசை. பிறகு ஒரு மொத்தக் கடையின் பில் கவுண்டர்.)

வணக்கம். எம்.சி. ரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடை. ஸ்டாக், பில், பார்ட்டி கணக்கு எல்லாமே மாடியில் இருக்கும் ஒரே சர்வரில் ஓடுகிறது. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04, பிரவுசருக்குப் பக்கங்களை அனுப்பும் வெப் சர்வரான அப்பாச்சி 2.4, அதற்குள்ளேயே மாட்யூலாக (இணைப்புப் பகுதியாக) ஓடும் ப்ரோகிராமிங் மொழியான பிஹெச்பி 8.1. கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நல்லாத்தான் ஓடுது. திடீர்னு ஒருத்தனுக்கு மட்டும் பக்கம் வரமாட்டேங்குது. பக்கத்து சிஸ்டத்துல அதே நேரம் ஜம்முனு ஓடுது. எப்ப வரும்னே சொல்ல முடியல."

இந்தப் புகாரைக் கேட்டதும் பலரும் அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். அதுவும் போதாமல் அரை மணிக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரியைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எப்போதாவது வரும் கோளாறுக்கும் திட்டவட்டமான காரணம் இருக்கிறது. அது எந்த நிலைமையில் வருகிறது என்பது மட்டும்தான் நமக்கு இன்னும் தெரியவில்லை. ரீஸ்டார்ட் போட்டால் அந்த நிலைமையும் கலைந்துவிடும், தடயமும் போய்விடும்.

(திரையில்: குரோம் காட்டும் பிழைப் பக்கம். பக்கத்தில் வெறும் வெள்ளைப் பக்கம்.)

முதலில் கவுண்டரில் போய் நின்று திரையைப் பாருங்கள். கடையில் எல்லோரும் "வெள்ளையா வருது" என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டு வகை உண்டு. பிஹெச்பி கோடில் ஃபேட்டல் எர்ரர் வந்து, பிழையைத் திரையில் காட்டும் செட்டிங் அணைக்கப்பட்டிருந்தால் நிஜமாகவே வெள்ளைப் பக்கம் வரும். வந்த வேண்டுகோள்களை அப்பாச்சி குறித்துவைக்கும் ஆக்சஸ் லாக்கில் 500 (சர்வரில் பிழை) என்று ஒரு வரி பதிவாகியிருக்கும். அது கிராஷ் இல்லை, பிஹெச்பியின் எர்ரர் லாக்கைப் பார்த்தாலே போதும். இரண்டாவது வகையில், சர்வர் எந்தத் தகவலும் அனுப்பவில்லை என்று குரோமே சொல்லும். ஆக்சஸ் லாக்கில் அந்த வேண்டுகோளுக்கு ஒரு வரிகூட இருக்காது. காரணம், அப்பாச்சி வேலையை முடித்த பிறகுதான் அந்த வரியை எழுதுகிறது. எழுத வேண்டிய ப்ராசஸே, அதாவது ஓடிக்கொண்டிருந்த ப்ரோகிராமே, செத்துவிட்டது. இந்தக் கடையில் நடந்தது இதுதான்.

பக்கத்து சிஸ்டத்தில் மட்டும் எப்படி ஓடியது? பிஹெச்பி மாட்யூலோடு அப்பாச்சி ஓடும்போது வழக்கமாக ப்ரீஃபோர்க் முறையில் ஓடும். ஒரு தாய் ப்ராசஸ், அதன் கீழே பல குழந்தை ப்ராசஸ்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளை மட்டும் கவனிக்கும். கடையில் நாலு கவுண்டர் இருந்து, ஒரு கவுண்டர் பையன் மயங்கி விழுந்தால் மற்ற மூன்று கவுண்டரிலும் பில் போய்க்கொண்டே இருக்கும் அல்லவா, அதே கதைதான். தாய் ப்ராசஸ் உடனே வேறு குழந்தையை உருவாக்கிவிடும். அதனால் சர்வர் நின்ற மாதிரியே வெளியே தெரியாது. கண்காணிப்பு டூல்கூட எல்லாம் பச்சை என்றே காட்டும்.

(திரையில்: அப்பாச்சி எர்ரர் லாக்கில் ஒரு வரி மஞ்சளில்.)

தாய் ப்ராசஸ் ஒரு நல்ல காரியம் செய்யும். குழந்தை செத்தால் எர்ரர் லாக்கில் குறித்து வைக்கும். ஏஹெச் 00052 என்ற எண்ணோடு, எந்தக் குழந்தை, எந்த சிக்னலால் (ப்ராசஸுக்கு லினக்ஸ் அனுப்பும் எண்ணிட்ட அறிவிப்பு) செத்தது என்று ஒரே வரி. இது நோட்டீஸ் மட்டத்தில் பதிவாகும் செய்தி என்பதால் எர்ரர் என்ற சொல்லைத் தேடுகிறவர்கள் கண்ணில் படாது. சிக்னல் என்ற சொல்லைத் தேடுங்கள்.

சிக்னல் எண் முக்கியம். 11 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. 6 என்றால் ஏதோ ஒரு லைப்ரரி (ப்ரோகிராம்கள் பயன்படுத்தும் பொதுக் கோடுத் தொகுப்பு) நிலைமை கெட்டுவிட்டதைக் கண்டுபிடித்துத் தானே நிறுத்திக்கொண்டது. 9 என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் ரேம் தீர்ந்து லினக்ஸின் மையமான கெர்னலே கொன்றிருக்கும், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் பார்த்தால் தெரிந்துவிடும். 9 வந்த இடத்தில் பிஹெச்பி பக்கைத் தேடுவது வீண் வேலை. எத்தனை குழந்தை ப்ராசஸ் அனுமதித்திருக்கிறோம், ஒவ்வொன்றும் எவ்வளவு ரேம் தின்கிறது என்று கணக்குப் போட வேண்டும்.

இங்கே 11.

(திரையில்: டிமெஸ்ஜி வெளியீடு, ஒரே வரி பெரிதாக்கப்படுகிறது.)

இப்போது டிமெஸ்ஜியில் இந்த ஒரு வரியைப் பாருங்கள். இதைப் பலரும் படிக்காமலே தாண்டிப் போகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். இதில் நான்கு தகவல் இருக்கிறது. எந்த முகவரியைத் தொடப் போய் விழுந்தது, அப்போது ஓடிக்கொண்டிருந்த கட்டளை எங்கே இருந்தது, ஸ்டாக் பாயிண்டர் (ஃபங்ஷன் அழைப்புகளின் கணக்கை வைக்கும் நினைவகமான ஸ்டாக்கில் அப்போது எட்டியிருந்த இடம்) எங்கே இருந்தது, பிழை எண் என்ன. கடைசியில் எந்த லைப்ரரிக்குள் என்பதும் இருக்கும்.

தொட்ட முகவரி பூஜ்யம் அல்லது மிகச் சின்ன எண் என்றால் காலியான பாயிண்டரைப் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) பிடித்து இழுத்திருக்கிறது. அது பெரும்பாலும் ஏதாவது ஒரு எக்ஸ்டென்ஷனில் (கூடுதலாகச் சேர்க்கும் பகுதி) இருக்கும் பக். ஆனால் இங்கே முகவரி 7, எஃப், எஃப் என்று தொடங்குகிறது. அந்த உயரத்தில்தான் ப்ராசஸின் ஸ்டாக் இருக்கும். பக்கத்தில் ஸ்டாக் பாயிண்டரைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, கடைசி சில இலக்கங்கள்தான் வேறு. பிழை எண் 6. அதாவது, ஒரு யூசர் ப்ரோகிராம் நினைவகத்தில் தனக்கு இல்லாத ஒரு துண்டில் எழுதப் போயிருக்கிறது. 4 என்றால் படிக்கப் போனது.

இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தம்? ஸ்டாக் நிரம்பி வழிந்திருக்கிறது. லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி வரை இடம் உண்டு, அதையும் தாண்டியிருக்கிறது. ஏதோ ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே நிற்காமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு வரியிலிருந்தே இவ்வளவு தெரிந்துவிட்டது, இன்னும் எந்த செட்டிங்கையும் தொடவில்லை.

அடுத்தது கோர் டம்ப். ப்ராசஸ் செத்த நொடியில் அதன் நினைவகம் எப்படி இருந்தது என்பதன் முழு நகல். உபுண்டுவில் அப்பாச்சிக்கு இது தானாகக் கிடைக்காது. அப்பாச்சி எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசராகத் தொடங்கி, பிறகு சாதாரண யூசராக மாறுகிறது. அப்படி மாறிய ப்ராசஸின் நினைவகத்தைப் பாதுகாப்பு கருதி கெர்னல் வெளியே எழுத விடாது. அதனால் அப்பாச்சி கான்ஃபிகில் கோர் டம்ப் டைரக்டரியைக் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால் அப்பாச்சியே கெர்னலிடம் அனுமதி கேட்டுக்கொள்ளும். அந்த டைரக்டரியில் அப்பாச்சி யூசர் எழுத முடிய வேண்டும். சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸ் ஃபைலில் கோர் அளவுக்கான வரம்பையும் எடுத்துவிட வேண்டும். டெம்ப் டைரக்டரியைக் கொடுத்துவிட்டு ஃபைல் எங்கே என்று தேடாதீர்கள். சிஸ்டம்டி அப்பாச்சிக்குத் தனியாக ஒரு டெம்ப் கொடுத்திருக்கும், ஃபைல் அதற்குள் போய்விடும். சிஸ்டம்டியின் கோர்டம்ப் பேக்கேஜைப் போட்டுக்கொண்டால் இந்த அலைச்சல் குறையும். எந்த ப்ராசஸ் எப்போது செத்தது என்று பட்டியலே போட்டு வைக்கும்.

பிறகு காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாமல் இந்த நேரத்தில் ஓபிகேஷை (பிஹெச்பி கோடை நினைவகத்தில் தயாராக வைக்கும் வசதி) அணைப்பது, வெர்ஷனை மாற்றுவது என்று கை வைத்தால், கிராஷ் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது.

(திரையில்: ஜிடிபி திறந்திருக்கிறது. ஒரே மாதிரி வரிகள் மேலே ஓடுகின்றன.)

கோர் ஃபைல் கிடைத்தது. ஃபங்ஷன் பெயர்களைத் தரும் டீபக் சிம்பல் பேக்கேஜ்களைப் போட்ட பிறகு ஜிடிபி என்ற டீபக்கரில் (பிழை தேடும் டூல்) திறக்கிறோம். சிம்பல் இல்லாமல் திறந்தால் வெறும் கேள்விக்குறியாகத்தான் தெரியும். பேக்ட்ரேஸ், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல், கேட்டால் ஆயிரக்கணக்கில் ஃபிரேம்கள் (அழைப்புக்கு ஒரு வரி) கொட்டும். அதனால் மேலே 30, கீழே 30 என்று மட்டும் கேளுங்கள். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் அரே மேப், ஜெண்ட் கால் ஃபங்ஷன், எக்ஸிக்யூட், மறுபடியும் அரே மேப். திரும்பத் திரும்ப இதே வரிசை.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சாதாரண பிஹெச்பி ஃபங்ஷன் தன்னைத்தானே முடிவில்லாமல் கூப்பிட்டால் 8.1-இல் செக்மென்டேஷன் ஃபால்ட் வருவது அபூர்வம். பிஹெச்பி அந்த அழைப்புகளைத் தன் சொந்த ஸ்டாக்கில் வைக்கிறது. அது மெமரி லிமிட்டைத் தொட்டு முறையான ஃபேட்டல் எர்ரராக முடியும். ஆனால் நடுவில் அரே மேப், யூசார்ட் போன்ற சி மொழியில் எழுதிய ஃபங்ஷனோ, கெட் மாதிரி மேஜிக் மெத்தடோ (பிஹெச்பி தானாகவே கூப்பிடும் ஃபங்ஷன்) வந்தால் ஒவ்வொரு சுற்றும் நிஜ ஸ்டாக்கைத் தின்னும். மெமரி லிமிட் அதைப் பார்க்காது. அப்போதுதான் ப்ராசஸே சாகிறது.

பிஹெச்பி சோர்ஸ் கோடோடு ஜிடிபிக்கான ஒரு இனிட் ஃபைலும் வரும். அதை ஏற்றிவிட்டு இசட் பேக்ட்ரேஸ் என்று கேட்டால், சி ஃபங்ஷன்களுக்குப் பதிலாக நம்முடைய பிஹெச்பி ஃபங்ஷன் பெயரும் ஃபைல் பெயரும் வரி எண்ணும் வரும். இங்கே வந்தது சரக்கு குரூப்களை மரமாக வரையும் ஃபங்ஷன்.

ஆனால் எந்த குரூப்? அதற்கு ஃபாரன்சிக் லாக் என்ற மாட்யூல். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் வேலை தொடங்கும் முன் கூட்டல் குறியோடு ஒரு வரி, முடிந்த பிறகு கழித்தல் குறியோடு ஒரு வரி எழுதும். கூட்டல் இருந்து கழித்தல் இல்லாத வரிதான் செத்துப்போன வேண்டுகோள். அதைத் தேடித்தர செக் ஃபாரன்சிக் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்டும் உண்டு. இது எல்லா ஹெடர்களையும் குக்கிகளையும் எழுதிவிடும், அதனால் வேலை முடிந்ததும் அணைத்து, ஃபைலை அழித்துவிடுங்கள்.

(திரையில்: குரூப் மாஸ்டர் திரை. "சாஃப்ட் சில்க்", "ஆடி ஆஃபர்" இரண்டும் கட்டம் போட்டுக் காட்டப்படுகின்றன.)

அந்த வரியில் இருந்த குரூப் ஆடி ஆஃபர். ஆடித் தள்ளுபடிக்காக சாஃப்ட் சில்க்கை ஆடி ஆஃபருக்குக் கீழே யாரோ வைத்திருக்கிறார்கள். ஆடி ஆஃபரோ ஏற்கெனவே சாஃப்ட் சில்க்குக்குக் கீழே இருந்தது. ஒன்றுக்கொன்று தாய், ஒன்றுக்கொன்று பிள்ளை. மரம் வரையும் ஃபங்ஷன் இதற்குள் போனால் வெளியே வர வழியில்லை. இந்த இரண்டு குரூப்பையும் தொட்ட கவுண்டரில் மட்டும் பக்கம் வரவில்லை. வேட்டி, லுங்கி பில் போட்ட கவுண்டரில் ஒன்றும் இல்லை. "எப்ப வரும்னே சொல்ல முடியல" என்றதன் காரணம் இவ்வளவுதான். அண்ணாச்சியிடம் குரூப் திரையைக் காட்டியதும் அவரே பிடித்துவிட்டார்: "அட, ரெண்டும் ரெண்டுக்குள்ள கெடக்குதே!"

டேட்டாவைச் சரிசெய்தது ஒரு நிமிட வேலை. அதோடு விடக் கூடாது. போய்வந்த குரூப்களைக் குறித்துக்கொண்டு, மறுபடி அதே குரூப் வந்தால் நிற்கும்படி ஃபங்ஷனை மாற்ற வேண்டும். குரூப் மாஸ்டரில் சேமிக்கும்போதே இப்படிச் சுற்று வருகிறதா என்று சோதிக்க வேண்டும். இரண்டையும் செய்தோம். 2023 நவம்பரில் வந்த பிஹெச்பி 8.3-இல் ஸ்டாக் அளவுக்கே ஒரு வரம்பு வந்திருக்கிறது. அதில் இதே கோடு ஓடினால் ப்ராசஸ் சாகாது, முடிவில்லாத ரிகர்ஷனா (தன்னைத்தானே கூப்பிடுவதா) என்று கேட்டு ஒழுங்கான எர்ரர் வரும்.

(திரையில்: கறுப்புப் பின்னணியில் குறிப்புகள், வேகமாக.)

உங்கள் சர்வரில் காரணம் வேறாக இருக்கலாம். எந்தத் தடயம் எங்கே கொண்டுபோகும் என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

கிராஷ் தினமும் நள்ளிரவில் வந்தால் லாக்ரொட்டேட்டைப் பாருங்கள். லாக்கைச் சுழற்றியதும் அப்பாச்சியை ரீலோட் செய்யும், அப்போது மாட்யூல்கள் இறக்கி ஏற்றப்படும். அந்த இறக்கி ஏற்றுதலில் தடுமாறும் எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. பெர்ல் மொழியை அப்பாச்சிக்குள் ஓட்டும் மாட் பெர்ல் என்றால், டேட்டாபேஸ் கனெக்ஷனைத் தொடக்க ஸ்கிரிப்டிலேயே திறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாக் குழந்தைகளும் ஒரே சாக்கெட்டில் பேசிக் குழப்பிக்கொள்ளும். பைத்தானை ஓட்டும் மாட் டபிள்யூஎஸ்ஜிஐயில் நம்பை (கணக்கீட்டுக்கான பைத்தான் லைப்ரரி) மாதிரி சி லைப்ரரிகள் துணை இன்டர்ப்ரிட்டரில் தடுமாறும். அப்ளிகேஷன் குரூப்பை குளோபல் என்று வைத்தால் அந்தச் சிக்கல் தீரும். த்ரெட் முறைக்கு (ஒரே ப்ராசஸ் ஒரே நேரத்தில் பல வேண்டுகோள்களைக் கவனிப்பது) மாறிய பிறகு வந்தது என்றால், த்ரெட்டுக்குத் தயாரில்லாத ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் மேல் சந்தேகப்படுங்கள்.

பேக்ட்ரேஸ் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தைக் காட்டினால், அப்பாச்சி மட்டுமல்லாமல் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லும் பேக்கப்பும்கூட விழுந்தால், ரேமைச் சோதியுங்கள். மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலோரக் கட்டடங்களில் சர்வர் வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. உப்புக்காற்று செம்பை அரிக்கும், ரேம் குச்சியின் காண்டாக்டும் அதற்கு விலக்கில்லை.

கடைசியாக எஃப்பிஎம். பிஹெச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனி ப்ராசஸாக ஓட்டுவது நல்லதுதான், நானும் அதையே பரிந்துரைப்பேன். அப்பாச்சி சாகாது, எந்த பூலில் (ப்ராசஸ் குழுவில்) எந்தக் குழந்தை எந்த சிக்னலில் விழுந்தது என்றும் லாக் சொல்லும். ஆனால் கோடில் பக் இருந்தால் அங்கேயும் குழந்தை சாகத்தான் செய்யும். காரணத்தைப் பிடித்த பிறகு மாறுங்கள்.

(திரையில்: கோர் ஃபைல்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்படுகின்றன.)

மாறும் முன் கோர் ஃபைல்களை அழித்துவிடுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டும், அந்த நொடியில் திறந்திருந்த பார்ட்டியின் கணக்கும் அதற்குள் அப்படியே இருக்கும். பழுது பார்க்க வெளியாளிடம் அனுப்புவதானால் பேக்ட்ரேஸை மட்டும் அனுப்புங்கள், கோர் ஃபைல் கடையை விட்டு வெளியே போக வேண்டாம்.