நர்ஸ் ஆகிவிட்டேன், ஆனால் எனக்கே அப்படித் தோன்றவில்லை: ஒரு தங்கையின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை அனுப்பியது. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறதாம். "யாராவது 'சிஸ்டர்' என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். வார்டில் எல்லாரும் பழகியவர்கள், நான் மட்டும் ஓரமாக நிற்கிறேன். இந்த வேலை எனக்கு ஒத்துவராதா? வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா?" என்று கேட்கிறார்.

பாருங்கம்மா, முதலில் இது உங்கள் குறை இல்லை. நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். முதல் வருடம் வேலைக்குப் போன பிள்ளைகள் போன் பண்ணினால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். ஹவுஸ் சர்ஜன் டாக்டர்களும், பிசியோதெரபி பிள்ளைகளும் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். மார்லின் கிரேமர் என்ற அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் 1974-லேயே இதற்கு 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்து எழுதிவிட்டார். கல்லூரியில் ஒரே ஒரு நோயாளிக்கு ஆற அமர கேர் பிளான், அதாவது அவரை எப்படிக் கவனிப்பது என்ற திட்டம், எழுதினீர்கள். இங்கே காலை மருந்து கொடுத்து முடிப்பதற்குள் இரண்டு அட்மிஷன் வந்துவிடுகிறது, நடுவில் ஒருவரை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். படித்தபடி செய்ய முடியவில்லையே என்ற வருத்தம்தான், 'நான் நர்ஸே இல்லையோ' என்ற சந்தேகமாக மாறிவிடுகிறது.

நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்கள் என்றால், நர்ஸ் என்ற நினைப்பு முதலில் வரட்டும், அப்புறம் முன்னால் போய் நிற்கலாம் என்று காத்திருக்கிறீர்கள். அது அப்படி வருவதில்லை. ஒரு வேலை நம்மை நம்பி விடப்பட்டு, அதற்கு நாம் பதில் சொல்லி, அதை நான்கு பேர் காது கொடுத்துக் கேட்டால்தான் வரும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. வேலூர் சி.எம்.சி.யில், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. இனி நான் டாக்டரா என்ற இடத்தில்தான் அவர் இருந்தார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட், இதை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவரை அந்த வேலைக்குள் இழுத்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, அந்தத் துறையையே இங்கே வளர்த்தார். ஆறுதல் வார்த்தை மட்டும் சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா? கையில் ஒரு வேலையைக் கொடுத்தார்களே, அதுதான் அவரைத் திரும்ப டாக்டராக்கியது.

சரி, நாளைக்கு நீங்கள் என்ன செய்யலாம்? ஷிப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர், அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லி அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்பது, நடக்கும் இல்லையா, புதுப் பிள்ளைகள் கடைசி வரிசையில் நின்று குறிப்பு மட்டும் எடுப்பார்கள். இன்சார்ஜ் சிஸ்டரிடம் முன்கூட்டியே, "சிஸ்டர், நான் பார்க்கிற இந்த மூன்று பேஷண்டை நானே சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். படுக்கைப் பக்கம் போய் நின்று சொல்லுங்கள்: எதற்காகச் சேர்ந்தார், இரவு காய்ச்சல் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு போனது, டிரிப் எப்போது முடியும், டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும். முதல் நாள் குரல் நடுங்கும், பரவாயில்லை. ஒரு வாரம் சொன்னால், அந்தப் பேஷண்டைப் பற்றி மற்றவர்கள் உங்களிடம் வந்து கேட்பார்கள். அன்றைக்குப் பாருங்கள், 'சிஸ்டர்' என்ற சத்தத்துக்கு நீங்களே திரும்புவீர்கள்.

வேலூர் வார்டுகளில் வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். வலி எங்கே, சாப்பிட்டீர்களா, மோஷன் போனதா என்று கேட்கும் அளவுக்கு வங்காள மொழி கற்றுக்கொள்ளுங்கள். கூட இருக்கிற அம்மா உங்களைத் தேடி வருவார். ஆயா அக்காவோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வார்டின் நடைமுறையை அவரைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

இதைக் கேட்கிற சீனியர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுப் பிள்ளையை 'ஏய், புது ஸ்டாஃப்' என்று கூப்பிடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தப்பு இருந்தால் பேஷண்ட் முன்னால் திட்டாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பயந்துபோன பிள்ளை அடுத்த முறை சந்தேகம் கேட்காது, அதில் ஆபத்து நோயாளிக்குத்தான்.

வேறு ஆஸ்பத்திரி போகலாமா என்றீர்கள். ஓரமாக நிற்கிறோம் என்பதற்காக மட்டும் மாறினால், புது இடத்திலும் முதல் நான்கு மாதம் இதேதான். இன்னும் கொஞ்ச நாள் பாருங்கள். ஆனால் தினமும் அவமானப்படுத்துகிறார்கள், சந்தேகம் கேட்டாலே கத்துகிறார்கள், சொல்லித்தராத வேலையில் தனியாக விடுகிறார்கள் என்றால் அது வேறு விஷயம். நடந்ததைத் தேதியோடு எழுதி நர்சிங் சூப்பரின்டென்டன்டிடம் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தாராளமாக வேறு இடம் பாருங்கள். கிளம்பும்போது எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.