எத்தனை இன்ச் என்று கேட்பதற்கு முன்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளுக்கு ஒலி அமைப்பு பொருத்திக் கொடுப்பது என் தொழில். தீபாவளி நெருங்க நெருங்க எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, சப்வூஃபரை மாத்தலாம்னு இருக்கேன். பத்து இன்ச் போதுமா, பன்னிரண்டு எடுக்கணுமா?" தாழ்ந்த சுரங்களை மட்டும் பாடும் ஸ்பீக்கர் பெட்டிதான் சப்வூஃபர், இன்ச் என்பது அதில் அதிரும் கூம்பின் குறுக்களவு. நான் உடனே பதில் சொல்வதில்லை. ஹால் எவ்வளவு நீளம், சோபா எங்கே கிடக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரிப்பேன். கேட்டவருக்குச் சற்று எரிச்சல் வரும். கடையில் இதையெல்லாம் கேட்கவில்லையே என்பார். கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. காதுக்கு வந்து சேரும் பேஸில், அதாவது அடித்தொனியில், பெட்டியைவிட அறையின் கைவரிசைதான் அதிகம்.

எப்படி என்று சொல்கிறேன். ஒலி வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ். நம் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து கேட்கத் தொடங்குகிறது. சப்வூஃபரிடம் நாம் ஒப்படைப்பது பெரும்பாலும் 20க்கும் 80க்கும் இடைப்பட்ட பகுதியை. பேஸ் கித்தாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், பியானோவின் இடது கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். அப்படியானால் 20 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 17 மீட்டருக்கும் மேல். நம் டேரஸ் வீட்டின் அகலமோ 20 அடி, மிஞ்சினால் 22 அடி. அலை எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும்போது சில சுரங்களில் தன்மேல் தானே ஏறிக்கொள்ளும். நான்கு மீட்டர் நீளமுள்ள அறையில் அப்படி ஏறுவது சுமார் 44 ஹெர்ட்ஸ். பேஸ் கித்தாரின் அடிச்சுரங்கள் இருப்பதும் அங்கேதான். அதனால் சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அந்த ஒன்றிரண்டு சுரங்கள் மட்டும் வீங்கிக் கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு அதே சுரங்கள் காணாமல் போகும். காணாமல் போனதை வரவழைக்க எத்தனை வாட்ஸ் ஊற்றினாலும் பயன் பெரிதாக இருக்காது. சோபாவை ஓர் அடி இரண்டு அடி நகர்த்தினால் வந்துவிடும். நகர்த்தக் காசு தேவையில்லை, வீட்டம்மாவின் அனுமதி மட்டும் போதும்.

இன்னொன்று, நாம் படிக்கிற, பார்க்கிற விமர்சனங்களில் பாதி அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அந்தப் பலகை தானும் அதிர்ந்து பேஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும், இன்னொரு பங்கு வெளியே கசிந்துவிடும். நம் வீடுகளில் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ் அல்லது மார்பிள். அடித்தொனி எளிதில் வெளியே போகாது, உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். அங்கே ஒருவர் "இந்தப் பெட்டி போதவில்லை" என்று சொன்னால் செந்தூலில் உள்ள ஒரு ஹாலுக்கு அது தாராளமாகப் போதலாம். நம்மவர்களுக்குப் பேஸ் பற்றாக்குறையைவிடப் பேஸ் ஒழுங்கில்லாமல் கிடப்பதுதான் அதிகம் பார்க்கும் நோய். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஹாலும் சாப்பாட்டு இடமும் சமையலறையும் தடுப்பே இல்லாமல் ஒன்றாக ஓடும் வீடுகள். அங்கே நீங்கள் உட்காரும் மூலை சிறிதாக இருந்தாலும் சப்வூஃபருக்கு அது ஒரே பெரிய கூடம். மாடிப்படி திறந்து கிடந்தால் மேல்மாடியும் கணக்கில் சேரும்.

ஆகவே, புதிதாக வாங்கும் முன் இருக்கிற பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பாருங்கள். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் சோபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் கித்தார் ஏறி இறங்கி நடக்கிற ஒரு பாட்டைப் போடுங்கள். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை. அப்புறம் நீங்கள் தரையில் மண்டியிட்டு, பெட்டி வைக்கச் சாத்தியமுள்ள இடங்களில் எல்லாம் தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டே நகருங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே கனத்தில் கேட்கின்றனவோ, அங்கே பெட்டியை வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்புங்கள். பெட்டியும் காதும் இடம் மாற்றிக்கொண்டாலும் ஒலிக்கு ஒன்றுதான். கேட்கும் இடமும் பாடும் இடமும் மாறினாலும் அறை இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தும். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், உண்மை. கூடுவது பெரும்பாலும் அந்த வீங்கிய சுரமாகவும் இருக்கும்.

கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூம் ஈக்யூ விசார்ட் என்று ஒரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 போன்ற யுஎஸ்பி மைக் ஒன்றை மடிக்கணினியில் செருகினால் உங்கள் ஹாலில் எந்த ஹெர்ட்ஸ் வீங்கியிருக்கிறது, எது பள்ளமாக இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு சப்வூஃபர் மாற்றும் எண்ணத்தையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். என் வியாபாரத்துக்கு அது நல்லதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

சரி, எல்லாம் செய்தும் போதவில்லை என்றால்? உண்மையிலேயே மாற்ற வேண்டிய பெட்டி தன் வாயாலேயே சொல்லிவிடும். படத்தில் வெடி வெடிக்கும்போது அடியில் 'டப்' என்று தட்டும், பெட்டியில் காற்றுத் துளை இருந்தால் அதன் வழியாக 'புஸ்' என்று காற்று சீறும், தாழ்ந்த சுரங்கள் எல்லாம் ஒரே 'பூம்' ஆகிவிடும். பெட்டி தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரே விலையில் ஐந்து ஸ்பீக்கரோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சின்ன சப்வூஃபர்களில் இது சகஜம். ஆனால் அந்த வகை செட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மற்ற ஸ்பீக்கர்கள் உள்ளங்கை அளவே இருப்பதால் 120, 150 ஹெர்ட்ஸ் வரைக்கும் சப்வூஃபரே பாட வேண்டியிருக்கிறது. அதனால் கதாநாயகனின் குரலில் பாதி டிவியிலிருந்தும் பாதி மூலையிலிருந்தும் வரும். இதற்குப் புதிய சப்வூஃபர் மருந்தாகாது. முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி, சப்வூஃபரும் அவையும் சுரங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பிரிப்பு எல்லையை 80 ஹெர்ட்ஸுக்குக் கொண்டு வர முடிந்தால் பழைய சப்வூஃபரே நிம்மதியாக மூச்சுவிடும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். சந்தையில் இரண்டு வகை. முற்றிலும் மூடியது ஒன்று, காற்றுத் துளை உள்ளது இன்னொன்று. கடைகளில் சீல்டு, போர்ட்டட் என்பார்கள். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் எழும் அல்லவா, அதே மாதிரி துளைப் பெட்டி ஒரு குறிப்பிட்ட சுரத்தில் உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்துப் பாட வைக்கும். அதனால் அந்தச் சுரத்தை ஒட்டிய பகுதியில் சத்தம் நிறையக் கிடைக்கும். அதற்குக் கீழே இறங்கினால் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் சத்தம், அதை அளக்கும் டெசிபெல் கணக்கில், 24 டெசிபெல் என்று செங்குத்தாகச் சரியும். மூடிய பெட்டி சற்று முன்னதாகவே குறையத் தொடங்கினாலும் 12 டெசிபெல் என்று மெதுவாகத்தான் இறங்கும். நம் செங்கல் அறைகள் கீழ்ப்பகுதியைத் தாமாகவே கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் அந்த மெதுவான சரிவு பெரும்பாலும் சமனாகிவிடும். சப்வூஃபர் தயாரிக்கும் எஸ்விஎஸ் நிறுவனம் 1000 புரோ வரிசையில் இந்த இரண்டு வகையையும் விற்கிறது. இரண்டிலும் 12 இன்ச் கூம்பு, 325 வாட்ஸ் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கும் கருவி. மூடியது ஒரு பக்கமேசைக்குக் கீழே அடங்கும், துளையுள்ளதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். படம் அதிகம் பார்ப்பவர், ஹால் திறந்த கூடமாக இருக்கிறது என்றால் துளைப் பெட்டி. பாட்டுக்காகவே வாங்குகிறார், அறை சிறியது என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு மூடிய பெட்டியைத்தான் சொல்வேன்.

இன்ச் கணக்கும் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. 40 ஹெர்ட்ஸில் தரும் அதே சத்தத்தை 20 ஹெர்ட்ஸில் தர வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 8 இன்ச்சிலிருந்து 12க்குப் போனால் கூம்பின் பரப்பு இரண்டே கால் மடங்காகிறது. வாட்ஸ் விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். 250 வாட்ஸ் 500 ஆனால் கூடுவது 3 டெசிபெல்தான். பெட்டியின் மேல் பிஎம்பிஓ என்று, கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கைப் போட்டு ஆயிரக்கணக்கில் எண் எழுதியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். நம் மூன்று முள் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ், மின்சாரம் 230 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் 3000 வாட்ஸைத் தொடாது. அதைவிடக் கூடுதலாக அந்தப் பெட்டி தொடர்ந்து எங்கிருந்து எடுக்கும்? தொடர்ந்து தரக்கூடிய சக்தியைக் காட்டும், ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

கையில் ஒரு பெரிய பெட்டிக்குப் பணம் இருக்கிறவர்களிடம், அதே பணத்தில் சுமாரான இரண்டை வாங்குங்கள் என்று நான் வாதாடுவேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002ல் வெளியிட்ட ஆய்வில், செவ்வக அறையில் எத்தனை சப்வூஃபரை எங்கெங்கே வைத்தால் எல்லா இருக்கைகளிலும் பேஸ் ஒரே மாதிரி கேட்கும் என்று கணித்துப் பார்த்தார். நான்கு சுவர்களின் நடுவில் நான்கு வைத்தால் மிக நன்று, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே அதற்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஒன்று கிளப்பிவிடும் அலையை மற்றொன்று அடக்குகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் இது பெரிய விஷயம். அப்பாவின் நாற்காலியில் மட்டும் நன்றாகக் கேட்டு என்ன பயன்?

பழைய ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருக்கும் ஐயாமார்கள் சிலர், என் ஆம்ப்பில் சப்வூஃபருக்கு வழியே இல்லையே என்பார்கள். கவலை வேண்டாம். ஹை-லெவல் இன்புட் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கினால் ஸ்பீக்கர் கம்பி மாட்டும் இடத்திலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும். பிரிட்டனின் ரெல் பெட்டிகள் இந்த வழிக்கே பேர்போனவை.

காண்டோ, ஃபிளாட் வாசிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கான்கிரீட் தாழ்ந்த ஒலியின் பெரும்பங்கை உள்ளேயே திருப்பி அனுப்பினாலும், தளத்தை ஊடுருவும் சிறு பங்கே கீழ்வீட்டாருக்குக் கேட்கப் போதும். பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்தால் தரை அதிர்வது ஓரளவு குறையும், காற்றில் போகும் ஒலி போய்க்கொண்டுதான் இருக்கும். இங்கே 15 இன்ச் வாங்குவது கீழ்வீட்டாரோடு வம்பை விலைக்கு வாங்குவதுதான். தவிர, சத்தத்தைக் குறைத்தால் நம் காது பேஸைத்தான் முதலில் கைவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால்தான் இரவில் மெதுவாகப் போட்டுக் கேட்பவர் சப்வூஃபரைத் திருகி ஏற்றுகிறார், மறுநாள் பகலில் ஒலியைக் கூட்டியதும் வீடே அதிர்கிறது. உங்கள் ரிசீவரில் ஒலி அளவுக்கேற்பப் பேஸைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஆடிஸி என்ற ஒலிச் சீரமைப்பு வசதி உள்ள ரிசீவர்களில் டைனமிக் ஈக்யூ என்று இருக்கும். வெடிச்சத்தம் உடம்பில் உறைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குச் சோபாவின் அடியில் திருகி மாட்டும் பேஸ் ஷேக்கர் கிடைக்கிறது. உட்கார்ந்திருப்பவர் குலுங்குவார், அண்டை வீட்டார் தூங்குவார்கள்.

பழைய பெட்டி வாங்குவதில் தப்பில்லை. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் இசைத்தட்டும் பழைய ஆடியோவும் தேடுகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வாங்கும் முன் துணி மூடியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் நம் ஈரக்காற்றில் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாக உதிரும், ரப்பர் வளையம் அதைவிட நீண்ட காலம் தாங்கும். பலகை ஓரங்கள் ஊதியிருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். துளைப் பெட்டியாக இருந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பல்லி முட்டையெல்லாம் எடுத்திருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து தருவித்த பெட்டி என்றால் பின்பக்கம் 220–240 வோல்ட் என்று இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 120 மட்டும் என்றால் நம் பிளக்கில் செருகிய நொடியே கதை முடிந்துவிடும்.

மாட்டிய பிறகு 'ம்ம்ம்' என்று விடாமல் ஓர் இரைச்சல் வந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். கூரை டிஷ்ஷிலிருந்து டிகோடருக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி, அந்தக் கேபிள் வழியும் பிளக் வழியும் எர்த் இரண்டு இடத்தில் சேர்வதால் உண்டாகும் எர்த் சுற்று. அதற்கான தடுப்பான் ஒன்றை வாங்கி மாட்டினால் போதும். எர்த் கம்பியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது. பிற்பகலில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒலி அளவு. பெட்டி புதிது என்பதால் எல்லோருமே அதைக் கொஞ்சம் அதிகமாகவே ஏற்றி வைக்கிறார்கள். முதல் வாரம் அப்படித்தான் இருக்கும், நானும் தடுப்பதில்லை. இரண்டாம் வாரம் உறுமி மேளம் பதிவு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். நம் கோயில் ஊர்வலங்களில் நேரில் கேட்டுக் கேட்டு உறுமியின் ஒலி நம் எல்லோர் காதிலும் பதிந்திருக்கிறது. வளைந்த குச்சி தோலில் இழுபடும் அந்த உரசலும் அடியின் கனமும் ஒரே இடத்திலிருந்து வந்தால் அளவு சரி. கனம் மட்டும் தனியே மூலையிலிருந்து வந்தால் குமிழைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் பெட்டியின் பின்னால் இருக்கும், கூம்பின் அசைவைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0விலிருந்து 180க்கு மாற்றி, எதில் அடி கனமாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

செய்தி நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் கை காட்டுகிறார்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.