மேசைமேல் குன்னூர்: நம்ம ஊர் ரயிலை மாடலாகச் செய்ய மீட்டர் கேஜ் ஏன் நல்ல தொடக்கம்

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவில் வெறும் பிளைவுட் சட்டம் மட்டும் காட்டினேன். இப்போது அதன்மேல் தண்டவாளம் போட்டாயிற்று. கேமராவைக் கொஞ்சம் சாய்க்கிறேன். தெரிகிறதா? இடது கோடியில் சரிந்து ஏறி வருவது மேட்டுப்பாளையம் பக்கத்துப் பாதை. நடுவில் சமமாக இருப்பது குன்னூர் யார்டு. அந்தப் பக்கம் விலகிப் போவது ஊட்டிப் பாதை. நீலகிரி மலை ரயிலின் இந்த ஒரு நிலையம்தான் என் முழு லேஅவுட்டும்.

"வந்தே பாரத் செய்யலாமே, சென்னை சென்ட்ரல் செய்யலாமே" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த வீடியோ. நம்ம ஊர் ரயிலை மாடலாகச் செய்ய ஆசைப்படும் ஒவ்வொருவரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் தண்டவாள அகலம். அதைப் பற்றித் தெளிவாகப் பேசிவிட வேண்டும்.

உலகத்தில் அதிகம் விற்கும் மாடல் ரயில் அளவு ஹெச்ஓ. நிஜத்தில் 87 மில்லிமீட்டர் இருப்பது மாடலில் 1 மில்லிமீட்டர். அதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இதை 87ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1435 மி.மீ. வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஸ்டாண்டர்டு கேஜ் அதுதான். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. அந்த அகலத்தில் கடையில் தண்டவாளம் கிடையாது. தடம் பிரிக்கும் பாயின்ட்டும் கிடையாது, சக்கரமும் கிடையாது. அதனால் பெரும்பாலோர் 16.5 தண்டவாளத்தின்மேலேயே நம் பெட்டியை ஏற்றிவிடுகிறார்கள். சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலைப் பெட்டியின் அகலம் 3245 மி.மீ., ஹெச்ஓவில் 37 மி.மீ.க்குச் சற்று மேல். பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேர் முன்னால் குனிந்து பாருங்கள், பெரிய உடம்பின் கீழே சக்கரங்கள் நெருங்கி நிற்கும். பார்க்கிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் நம்ம ஊர் ரயிலின் அந்த அகன்ற நிற்பு காணாமல் போயிருக்கும்.

அப்படிச் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஓஓ அளவில் அதே சமரசத்தோடுதான் பல தலைமுறையாக ஓட்டுகிறார்கள். 1:76 உடம்பு, 16.5 தண்டவாளம். ஆனால் இந்தச் சமரசம் இல்லாமலே நம்ம ஊர் ரயில் செய்ய ஒரு வழி இருக்கிறது.

அதுதான் மீட்டர் கேஜ். நீலகிரி ரயில் ஓடுவதும் அதில்தான். 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5. கடையில் கிடைப்பது 12. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. ஹெச்ஓஎம் என்று கேளுங்கள். பெமோ, டில்லிக், பீகோ ஆகிய நிறுவனங்கள் இந்த அளவில் தண்டவாளம் செய்கின்றன. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகள் பலவும் மீட்டர் கேஜ். அந்த ஊர் ரசிகர்களுக்காக வந்த தண்டவாளம் நமக்கும் அப்படியே பொருந்துகிறது. நீலகிரியின் எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து எஸ்எல்எம் தொழிற்சாலையிலிருந்து வந்தவைதான். பின்னாளில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே அதே வடிவத்தில் புது எஞ்சின்கள் செய்தார்கள்.

இன்னொரு லாபம் இடம். எல்ஹெச்பி என்ற புது வகைப் பெட்டி 22 கொண்ட எக்ஸ்பிரஸ் ஒன்றை ஹெச்ஓவில் முழுசாகச் செய்தால், பெட்டி ஒன்று 24 மீட்டர் என்று வைத்தாலே, வண்டி மட்டும் 6 மீட்டர் நீளம். எந்த வீட்டுக் கூடத்தில் அது திரும்பும்? எல்லோரும் ஐந்தாறு பெட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மலை ரயிலில் எஞ்சினும் மூன்று நான்கு பெட்டியும் சேர்ந்தாலே அது முழு வண்டி. எதையும் வெட்டவில்லை.

அதற்காக முழுப் பாதையையும் செய்ய ஆசைப்படாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கி.மீ. 208 வளைவு, 250 பாலம், 16 குகைப்பாதை. 87ஆல் சுருக்கினாலும் அரை கிலோமீட்டருக்கு மேல் வரும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2203 மீட்டர். அந்த ஏற்றம் மாடலில் 21 மீட்டருக்கு மேல், ஏழு மாடி உயரம். ஆகவே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அதை ஒழுங்காகச் செய்வதுதான் நல்லது என்பது என் கருத்து.

நான் குன்னூரைப் பிடித்ததற்குக் காரணம் அங்கே நடக்கும் வேலை. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏற, நடுவில் போட்ட பல் தண்டவாளம் கல்லாறிலிருந்து வந்து அங்கேதான் முடிகிறது. நீராவி எஞ்சின் வண்டியைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தும். அங்கிருந்து ஊட்டி வரை டீசல். மாட்டுவது, கழற்றுவது, ஷெட்டுக்குப் போவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் ஒரே யார்டில். வண்டி சற்றுப் பின்னால் வந்துதான் ஊட்டிப் பாதையில் ஏறும். வட்டம் வட்டமாகச் சுற்றும் லேஅவுட் சீக்கிரம் சலித்துவிடும். இங்கே கைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

சரி, ஏற்றத்துக்கு வருவோம். இதுதான் இந்த மாடலின் உயிர், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நிஜப் பாதையில் பல் தண்டவாளப் பகுதியின் ஏற்றம் ஏறக்குறைய 12க்கு 1. பன்னிரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். மாடல் ரயிலில் 50க்கு 1 என்றாலே பலருக்கு யோசனை வரும். 12க்கு 1ல் சாதாரண மாடல் எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழற்றும்.

நிஜத்தில் இதைத் தீர்த்தது ஆப்ட் முறை. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் 1882ல் காப்புரிமை வாங்கியது. தண்டவாளத்தின் நடுவே இரண்டு பல் சட்டங்கள் அருகருகே போகும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததன் பள்ளம் வரும்படி மாற்றி வைத்திருப்பார்கள். எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடும் முன்பே அடுத்ததைப் பிடித்திருக்கும்.

மாடலில் இதை வேலை செய்ய வைக்கலாம். சுவிஸ் பல்பாதை மாடல்கள் அப்படித்தான் ஏறுகின்றன. நான் அந்த வழியில் போகவில்லை. அந்த மாடல் பல் சட்டத்தின் பற்கள் நிஜ அளவுக்குப் பெரியவை, கண்ணை உறுத்தும். என் பாதையில் உள்ளவை பார்வைக்கு மட்டும். மெல்லிய இரண்டு சட்டங்களைப் பிரின்ட் எடுத்து, ஓடு தண்டவாளத்தைவிடச் சற்றே உயரமாக, மாற்றுப் பல்லோடு ஒட்டியிருக்கிறேன். கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன், பாருங்கள்.

அப்படியானால் வண்டி எப்படி ஏறும்? எஞ்சினை ஒட்டிய பெட்டிக்குள் மோட்டார் பொருத்திய ஒரு சக்கரச் சட்டம் (போகி) வைத்திருக்கிறேன். எஞ்சினும் அந்தப் பெட்டியும், தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறையில், ஒரே முகவரியில் ஒன்றாக நகரும். இரண்டின் வேகமும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் ஒன்று தள்ள ஒன்று இழுக்கும். அந்தக் கட்டளையைப் படிக்கும் டிகோடர் சிப்பில் தொடக்க வேகம், நடு வேகம், உச்ச வேகம் மூன்றையும் பொறுமையாகச் சரிசெய்யுங்கள். ஏற்றப் பகுதி 80 செ.மீ. அதன் இரு முனையிலும் சாய்வு மெல்ல மெல்லத்தான் மாறுகிறது. சட்டென்று மடிந்தால் எட்டுச் சக்கரம் பிணைத்த இந்த எஞ்சினின் நடுச் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும், கரண்ட் போய்விடும்.

தள்ளும் வண்டிக்கு எடை ரொம்ப முக்கியம். இழுக்கும்போது பொறுத்துக்கொள்ளும் லேசான பெட்டி, தள்ளும்போது வளைவில் துள்ளி வெளியே விழும். அமெரிக்க மாடல் ரயில் சங்கம் என்எம்ஆர்ஏ ஒரு கணக்கு தந்திருக்கிறது. ஹெச்ஓவில் மூன்றடி அகலப் பாதையின் பெட்டிக்கு முதலில் 0.75 அவுன்ஸ், பிறகு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.375 அவுன்ஸ். ஆறு அங்குலப் பெட்டிக்கு 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். நம் மீட்டர் கேஜுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். எடையைத் தரையோடு தரையாக ஒட்டுங்கள், கூரைப் பக்கம் போகவே கூடாது.

டிசிசி இங்கே வசதிக்காக மட்டும் இல்லை, அவசியம். பழைய முறையில் தண்டவாளத்தில் மின்சாரம் கொடுத்தால் அதன்மேல் நிற்கும் எல்லா எஞ்சினும் ஓடும். குன்னூரில் நீராவி எஞ்சினும் டீசலும் ஒரே தடத்தில் அடுத்தடுத்து நிற்க வேண்டும். டிசிசியில் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. கூப்பிட்டதுதான் நகரும். வயரிங்கில் ஒன்று மட்டும் சொல்கிறேன். தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு ஜோடி வயர் சால்டர் செய்யுங்கள். இணைப்புத் தகடு மின்சாரம் கடத்தும் என்று நம்பாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது சீக்கிரம் கறுக்கும்.

இப்போது எஞ்சின். எக்ஸ் வகுப்பின் முகமே அதன் சிலிண்டர்கள்தான். பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. கீழ் சிலிண்டர் ஓடு சக்கரத்துக்கு, மேல் சிலிண்டர் பல்சக்கரத்துக்கு. கீழே உள்ள தண்டுகள் மாடலில் நிஜமாகவே அசையும். மேலே உள்ளதை அசையாமல் ஒட்டிவிட்டேன். இந்த அளவில் இரண்டையும் அசைக்கப் போனால் எதுவும் நிம்மதியாக ஓடாது. மெதுவாக, சீராக ஓடும் எஞ்சினுக்காக மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம். பல் பகுதியில் நிஜ வண்டியின் வேகமே மணிக்கு 13 கி.மீ. அளவுதான்.

உடம்பு ரெசின் பிரின்ட். நிஜத்தில் 20 மி.மீ. உள்ள ரிவெட் தலை மாடலில் 0.23 மி.மீ. ரெசின் பிரின்டரில் அது வரும், சாதாரண இழை பிரின்டரில் வராது. காயாத ரெசினைக் கையால் தொடாதீர்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பெட்டிகளுக்கு நீலமும் கிரீமும். ஒவ்வொரு பெட்டியின் முன் பால்கனியிலும் கொடியோடு ஒரு பிரேக் ஊழியர் நிற்பார். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்னே பாதையைப் பார்ப்பது அவர்கள்தான். இரண்டு செ.மீ. உயர ஆள், ஆனால் அவர் இல்லாமல் இந்த வண்டி முழுமையாகாது. கண்டிப்பாக வையுங்கள்.

நிலத்துக்கு வெளிநாட்டுப் பொருள் எதுவும் வேண்டாம். தண்டவாள ஜல்லிக்கு எம்-சாண்ட் போதும். நிஜ ஜல்லி 50, 60 மி.மீ., மாடலில் 0.6, 0.7 மி.மீ. மெல்லிய சல்லடையில் சலித்து, காந்தம் ஒன்றை மேலே ஓட்டி இரும்புத் துகளை எடுத்துவிடுங்கள். விட்டால் அது மோட்டாருக்குள் போய் ஒட்டும். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு துளி விட்டால் மணலுக்குள் நன்றாக இறங்கும். பாறைக்கு தெர்மாகோல் வேண்டாம், உதிரும். கட்டுமானக் கடையில் கிடைக்கும் எக்ஸ்பிஎஸ் என்ற அடர்ந்த நுரைப் பலகையைச் செதுக்குங்கள். நிறத்தில் கவனம் வேண்டும். நீலகிரிப் பாறை சார்னோக்கைட் என்ற வகை, நிறம் கருஞ்சாம்பல். தண்ணீர் வழிந்த இடத்தில் கறுப்புக் கோடு. யூடியூபில் பார்க்கும் அமெரிக்கப் பாலைவனப் பழுப்பை இங்கே அடித்தால் குன்னூர் வராது.

தேயிலைச் செடிக்குப் பச்சை ஸ்கிரப்பர். மேல்பக்கம் தட்டையாக, ஒரு செ.மீ.க்குக் குறைவான உயரத்தில் வெட்டுங்கள். நடுவே நடந்து போகும் வழி விடுங்கள். இடையிடையே சில்வர் ஓக். 20 மீட்டர் மரம் இந்த அளவில் 23 செ.மீ. வரும். பெரும்பாலான லேஅவுட்களில் மரங்கள் குட்டையாக இருப்பதால்தான் மலை பொம்மை மாதிரி தெரிகிறது. மரத்தை உயரமாகச் செய்யத் தயங்காதீர்கள். மண்ணுக்கு, குடித்து முடித்த டீத்தூளை வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தூவலாம். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது ஷெட் கட்டடம். அதற்கு உங்கள் உதவி வேண்டும். 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்தப் பாதை சேர்ந்தது. அந்த ஆண்டை ஒட்டிய குன்னூரைத்தான் நான் செய்கிறேன். அப்போது ஊட்டி போனபோது எடுத்த படங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்னணியில் ஷெட்டும் அதன் வாசலில் தண்டவாளமும் தெரிந்தால் போதும். தண்டவாளம் 1000 மி.மீ. என்பது நமக்குத் தெரியும், அதை வைத்தே வாசல் அகலத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். புதிதாகப் படம் எடுக்கப் போகிறவர்கள் பிளாட்பாரத்தில் நின்றே எடுங்கள், தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். கூரையின் பின்பக்கச் சரிவு தெரியும் ஒரு படம் கிடைத்தால் அடுத்த வீடியோவில் ஷெட்டை ஆரம்பித்துவிடுவேன்.